புதிய பியானோ இசைக்கு ஒரு வெள்ளோட்டம்

படகு கட்டி முடித்த கையோடு எங்கள் கரையில் யாரும் வலையை ஏற்றிக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடுவதில்லை. முதலில் வெள்ளோட்டம். படகுக்காரரும் அனுபவம் உள்ள இரண்டொருவரும் ஏறிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவார்கள். வந்தவர்கள் "நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் கட்டிய ஆசாரிக்கு அதனால் ஒரு வேலையும் நடக்காது. "திருப்பும்போது இடப்பக்கம் சாய்கிறது", "அணியம் அலையில் குத்துகிறது" என்று சொல்ல வேண்டும். எந்தப் பலகையைச் சீவுவது, எங்கே எடை வைப்பது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

பாம்பன் தீவில் சில ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கீபோர்டும் பியானோவும் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் ஆலயப் பாடற்குழுவில் வாசிப்பவர்கள். மீதிப்பேர் கல்யாணக் கச்சேரியில் வாசிக்கும் அண்ணன்மாரைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள். அவர்களில் யாராவது சொந்தமாக ஒன்றை எழுதிக்கொண்டு வந்தால், கேட்பவர்கள் அந்தப் படகில் ஏறியவர்களைப்போலப் பேச வேண்டும் என்பது என் ஆசை. காது என்ன உணர்ந்தது, எந்த இடத்தில் உணர்ந்தது என்பதைக் கேட்டவர் சொல்ல வேண்டும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது எழுதியவர் பாடு. இந்த எல்லையை மறந்து ஒரு நல்ல இசையை நானே கெடுக்கப் பார்த்திருக்கிறேன்.

பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருத்தி தனுஷ்கோடிச் சாலையை மனத்தில் வைத்து இரண்டரை நிமிட இசை ஒன்றை எழுதினாள். இடது கையில் அலைபோல ஒரே உருவம் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். வலது கையில் மெட்டு விட்டுவிட்டு வரும். ஞாயிறு பூசை முடிந்ததும் ஆலயக் கீபோர்டில் வாசித்துக் காட்டினாள். "இடது கை இரைச்சலாக இருக்கிறது, பாதியாகக் குறைத்துவிடு" என்று சொல்லிவிட்டேன். மறுவாரம் குறைத்துக்கொண்டு வந்தாள். கடல் போய்விட்டது, மெட்டு மட்டும் தனியாக நின்றது. அவளுடைய கைப்பேசியில் இருந்த முதல் பதிவை ஹெட்போனில் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. நான்கே பார்களில் (தாளக் கட்டங்களில்) மட்டும் இடது கை கொஞ்சம் நெருக்கமாக இருந்தது. மற்ற இரைச்சல் முழுவதும் ஆலய ஒலிபெருக்கியில் கீழ்ச்சுரங்களை அளவுக்கு மீறி ஏற்றி வைத்திருந்ததால் வந்தது. அன்று நான் "எனக்கு மெட்டு சரியாகக் கேட்கவில்லை" என்று மட்டும் சொல்லியிருந்தால் அவள் காரணத்தைத் தேடியிருப்பாள். மருந்தை நேரே கையில் கொடுத்துவிட்டேன்.

புதிதாக எழுதுபவர்களுக்கும், அவர்களுக்குக் கருத்துச் சொல்ல உட்காருபவர்களுக்கும் அதற்குப் பிறகு நான் வகுத்துக்கொண்ட முறை இது.

எழுதியவர் முதலில் செய்ய வேண்டியவை

கீபோர்டில் எழுதியிருந்தால் பியானோ ஒலியோடு ஸ்டிரிங்ஸ் (வயலின் கூட்டம் போன்ற) ஒலியைக் கலந்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எங்கள் பகுதியில் பத்துக்கு எட்டுப் பேர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். கேட்க நிறைவாக இருக்கும். ஆனால் பியானோவின் சுரம் தட்டிய கணத்திலிருந்தே தேயத் தொடங்கும். ஸ்டிரிங்ஸ் அந்தத் தேய்வை மூடிவிடுகிறது. மெதுவான தாளத்தில் ஒரு மேல்ஸ்தாயிச் சுரத்தை நான்கு பார் நீட்டியிருப்பீர்கள். கலவையில் அது கம்பீரமாக நிற்கும், தனிப் பியானோவில் இரண்டாம் பாரிலேயே காணாமல் போயிருக்கும். பியானோ இசைக்குக் கருத்துக் கேட்கிறீர்கள் என்றால் அந்தக் கலவையை அணையுங்கள். தானாக ஓடும் தாளத்தையும் அணையுங்கள்.

சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனைப் போட்டு வாசிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். விரல் ஸி மேஜரில் இருக்கும், காதில் விழுவது இ ஃப்ளாட்டாக இருக்கும். நொட்டேஷனை (எழுதிய சுரக் குறிப்பை) பார்த்துக்கொண்டே கேட்பவர் பத்து நிமிடம் இதிலேயே தடுமாறுவார்.

பதிவு செய்ய விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கைப்பேசியைக் கீபோர்டின் மேலேயே வைக்காமல் ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். மேலே வைத்தால் இசையைவிடக் கட்டைகள் தட்டும் ஓசை பெரிதாகப் பதியும். மின்விசிறியை நிறுத்துங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடலைப் பார்த்த ஜன்னலையும் சாத்துங்கள். காற்று மைக்கில் மோதினால் மெல்லிய இடங்கள் எல்லாம் அழிந்துவிடும். உண்மையான பியானோவில் வாசித்திருந்தால் அதன் நிலைமையை ஒரு வரியில் எழுதுங்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கிறது, ஈரம் ஏறி இறங்கும்போது ஒலிப்பலகை உப்பிச் சுருங்கிச் சுருதி நகர்கிறது. அந்தச் சுருதிப் பிசகை உங்கள் இசையின் பிசகு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

நொட்டேஷன் எழுதத் தெரிந்தவர்கள் பார் எண்களோடு கொடுங்கள். மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அது தானாக வாசித்துக் காட்டும் ஒலியை மட்டும் அனுப்பாதீர்கள். அதற்குக் கை வலிக்காது, மூச்சு வாங்காது. மனிதக் கைக்கு எட்டாத இடத்தையும் அது முகம் சுளிக்காமல் வாசித்துவிடும். நொட்டேஷன் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை, பதிவின் நிமிடமும் நொடியும் போதும்.

கேள்வியைக் குறுக்குங்கள்

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் வரும். மூன்று கேள்விகள் போதும். ஒவ்வொன்றும் ஓர் இடத்தைப் பற்றியதாக இருக்கட்டும். முதல் மெட்டு 24ஆம் பாரில் வேடம் மாறித் திரும்பி வருகிறதே, அது அதே மெட்டு என்று தெரிந்ததா? முடிவு முடிவாகக் கேட்டதா, நடுவில் நின்றுவிட்டதுபோல் இருந்ததா? எந்த இடத்தில் கவனம் வேறெங்கோ போனது? இந்த மூன்றாவது கேள்வியை எப்போதும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேர்மையான பதில் பெரும்பாலும் அதற்குத்தான் கிடைக்கிறது, ஏனென்றால் பதில் சொல்பவர் உங்களைக் குறை சொல்லவில்லை, தன் கவனத்தைப் பற்றித்தான் சொல்கிறார்.

இசை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். பாதி எழுதிய இசைக்கும் அடுத்த வாரம் மேடையில் வாசிக்கப்போகும் இசைக்கும் ஒரே மாதிரிக் கருத்துச் சொல்ல முடியாது.

யாரிடம் கேட்பது

ஒருவர் பியானோ வாசிப்பவராக இருக்கட்டும். கைக்குள் அடங்குமா என்பதை அவரால்தான் சொல்ல முடியும். இன்னொருவர் இசை அறிந்தவர், ஆனால் பியானோ வாசிக்காதவர்: நாகசுரக்காரர், பாடற்குழுவை நடத்துபவர், தவில் வாசிப்பவர் யாராக இருந்தாலும் சரி. கீரவாணியில் ஒரு மெட்டுப் போட்டிருந்தால் நாகசுரக்காரர் அதில் ராகத்தின் நடையைப் பார்ப்பார், மேற்கத்திய முறையில் படித்தவர் ஹார்மோனிக் மைனர் என்று பார்ப்பார். இரண்டு பார்வையும் உங்களுக்கு வேண்டும்.

மூன்றாமவர் இசை எதுவும் படிக்காதவர். அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, யார் வேண்டுமானாலும். அவரிடம் கேள்வி கேட்காதீர்கள். வாசித்துவிட்டுப் பேசாமல் இருங்கள். மறுநாள் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது உங்கள் மெட்டில் நாலு சுரத்தை முணுமுணுத்தால், எந்த நாலு என்று காது கொடுத்துக் கேளுங்கள். நீங்கள் முக்கியம் என்று எண்ணிய இடமாக அது பெரும்பாலும் இருக்காது. நான் பார்த்த எல்லா விமர்சனங்களிலும் மிகப் பயன்பட்டது இதுதான்.

கருத்துச் சொல்பவருக்கு

முதல் முறை கேட்கும்போது பேனா வேண்டாம், நொட்டேஷன் வேண்டாம், நடுவில் நிறுத்தவும் வேண்டாம். முழுவதையும் கேளுங்கள். இரண்டாம் முறை தாளும் பேனாவும் எடுத்து நேரத்தைக் குறித்து உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்: "0:40 உடம்பு நிமிர்ந்தது." "1:15 இது முன்பே முடிந்துவிட்டது என்று நினைத்தேன்." மூன்றாம் முறை கட்டைகளின் முன்னால் உட்கார்ந்து கடினமாகத் தெரிந்த இடங்களை உங்கள் கையால் வாசித்துப் பாருங்கள். ஹெட்போனிலும் ஒரு முறை, ஒலிபெருக்கியிலும் ஒரு முறை கேளுங்கள். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

பிறகு எழுதியவரிடம் ஒரு கேள்வி: "இதில் என்ன செய்ய நினைத்தாய்?" அந்த மாணவியின் இசையைக் கேட்ட பெரியவர்கள் எல்லாரும் புயலைச் சேர்க்கச் சொன்னார்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவில் கடல் ஏறி ரயிலையும் ஊரையும் கொண்டுபோன கதையைக் கேட்டே வளர்ந்த தீவு இது, தனுஷ்கோடி என்றதும் அவர்கள் காதில் புயல்தான் ஒலித்தது. அவள் எழுதியதோ 2017இல் திறந்த அரிச்சல்முனைச் சாலை. இரு பக்கமும் கடல், நடுவில் நேராக ஒரு சாலை, காற்று. இடி முழக்கம் அதில் எங்கே உட்காரும்? நோக்கத்தைக் கேட்காமல் சொல்லும் கருத்து வேறொருவரின் இசையை அவள் கையில் எழுதச் சொல்வதாக ஆகிவிடுகிறது.

சொல்லும்போது வரிசை இப்படி இருக்கட்டும்: கேட்டது என்ன, எந்த இடத்தில், எதனால் இருக்கலாம். அவர் கேட்டால் மட்டும், என்ன செய்து பார்க்கலாம். "இடது கை சரியில்லை" என்பது கருத்து ஆகாது. "9ஆம் பார் முதல் 12 வரை மெட்டு எனக்கு மங்கிவிடுகிறது. இடது கை மிடில் ஸிக்கு (கட்டைகளின் நடுவில் உள்ள ஸிக்கு) ஒரு ஸ்தாயிக்கும் கீழே போய் அடுத்தடுத்த சுரங்களைச் சேர்த்துப் பிடிப்பதால் இருக்கலாம்" என்பது கருத்து. தடித்த கீழ்க்கம்பிகள் ஒவ்வொன்றும் தன் சுரத்தோடு பல மேற்சுரங்களையும் சேர்த்து ஒலிக்கின்றன. இரண்டு கீழ்ச்சுரங்கள் நெருங்கி நின்றால் அவை ஒன்றோடொன்று மோதிச் சேறாகிவிடும். அதே இரண்டு சுரத்தை மேலே பிடித்தால் இனிக்கும். கீழே இடைவெளி விட்டு, ஐந்தாம் சுரமாகவோ ஸ்தாயியாகவோ அகலப்படுத்தினால் தெளிந்துவிடும்.

பியானோவுக்கே உரிய வேறு சில இடங்களையும் பார்த்துவிடுங்கள். கை விரிந்து எட்டு வெள்ளைக் கட்டையைப் பிடிப்பது பெரியவர்களில் பெரும்பாலோருக்கு முடியும். ஒன்பது பலருக்குச் சிரமம். பத்து சிலருக்குத்தான் எட்டும், மற்றவர்கள் கீழிருந்து மேலாக உருட்டித்தான் வாசிக்க வேண்டும். கார்ட் (சேர்த்துப் பிடிக்கும் சுரக்கூட்டு) மாறும் இடத்தில், ஒலியை நீட்டும் கால் பெடலும் மாறுகிறதா என்று பாருங்கள். பெடல் இல்லாத கீபோர்டில் எழுதியவர்கள் அதை எண்ணியே பார்த்திருக்க மாட்டார்கள். ஒரே கட்டையை மிக வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டும் இடம் கீபோர்டில் எளிது, கிராண்ட் பியானோவிலும் ஓடும், ஏனென்றால் 1821இல் பியானோ தயாரிப்பாளர் எரார் கொண்டுவந்த இரட்டை விடுவிப்பு அமைப்பு கட்டை முழுவதும் மேலே வருவதற்குள் மறுபடி தட்ட இடம் கொடுக்கிறது. சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோக்களில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. 61 கட்டைக் கீபோர்டில் மிடில் ஸிக்குக் கீழே இரண்டு ஸ்தாயிதான் உண்டு. 88 கட்டைப் பியானோவில் மூன்று ஸ்தாயியும் அதற்கு மேல் மூன்று கட்டையும் உண்டு. அடியில் ஓர் ஆழம் மிச்சம் இருப்பது எழுதியவருக்குத் தெரியாமல் இருக்கலாம், தெரியப்படுத்துங்கள், குறையாகச் சொல்லாதீர்கள்.

பாடத்தில் படித்த விதிகளைக் கொண்டு அடிக்காதீர்கள். ஐந்தாம் சுர இடைவெளியில் இரண்டு குரல்கள் இணையாக நகரக் கூடாது என்பது நான்கு குரல் பாடற்குழு எழுத்துக்கான ஒழுங்கு. அலையை எழுத நினைத்த பிள்ளை அதை வேண்டுமென்றே பயன்படுத்தியிருக்கலாம்.

பிடித்த இடத்தையும் எண்ணோடு சொல்லுங்கள். முகத்துக்காகச் சொல்லும் புகழ்ச்சியை நான் கேட்கவில்லை. எது வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் எழுதியவர் திருத்தும்போது அதைத்தான் முதலில் வெட்டுவார். இடது கையை வெட்டிய கதை அதுதானே.

வயது ஒரு தடை, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இளையவர் மூத்தவரிடம் குறை சொல்வது நம் பக்கத்தில் எளிதல்ல. கீழக்கரை நண்பர் ஒருவர் தன்னைவிடப் பத்து வயது மூத்தவரிடம் சொன்ன விதத்தை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்: "காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்), முப்பதாவது பாரில் என் காதுக்கு மெட்டு அறுந்துவிட்டது. மறுபடி ஒரு முறை வாசித்துக் காட்டுகிறீர்களா?" அறுந்தது அவர் காதில், வாசித்துக் காட்டியவர் அந்த இடத்தில் தானே நின்றார்.

கருத்தைப் பெற்றுக்கொள்பவருக்கு

1874 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலை, ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி தன் முதல் பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை) மாஸ்கோ இசைக் கல்லூரியின் வகுப்பறை ஒன்றில் அதன் தலைவரும் பியானோக் கலைஞருமான நிகோலாய் ரூபின்ஸ்டைனுக்கு வாசித்துக் காட்டினார். அவர் கேட்க விரும்பியது குறுகிய ஒன்று: தான் பியானோக் கலைஞன் இல்லை என்பதால் பியானோப் பகுதி வாசிப்புக்கு ஏற்றதாக இருக்கிறதா என்று. முதல் பகுதி முடிந்தது. ரூபின்ஸ்டைன் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த மௌனம் எப்படிச் சுட்டது என்பதை மூன்று ஆண்டுக்குப் பிறகு ஒரு கடிதத்தில் சைகோவ்ஸ்கி எழுதியிருக்கிறார். முழுவதும் முடிந்ததும் வசை பொழிந்தது: மதிப்பற்றது, வாசிக்க முடியாதது என்று. சைகோவ்ஸ்கி ஒன்றும் பேசாமல் எழுந்துபோனார். பின்னாலேயே வந்து திருத்தச் சொன்ன ரூபின்ஸ்டைனிடம், ஒரு சுரத்தையும் மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 1875 அக்டோபரில் பியானோக் கலைஞர் ஹான்ஸ் ஃபான் பியூலோ அதை பாஸ்டனில் வாசித்தார். அதே ஆண்டு முடிவதற்குள் மாஸ்கோவில் அதற்கு இசைக்குழுவை நடத்தியவர் ரூபின்ஸ்டைன். பின்னர் தானே பியானோவில் அமர்ந்தும் வாசித்தார். சைகோவ்ஸ்கியும் பிற்பாடு பியானோப் பகுதியைத் திருத்தினார். இன்று நாம் கேட்பது திருத்திய வடிவம்.

கருத்துச் சொல்பவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதற்காகவே இதை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்கிறேன். பெற்றுக்கொள்பவருக்கும் இதில் ஒன்று இருக்கிறது: அந்த மாலையிலேயே எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. கருத்துக் கேட்கும்போது வாயைத் திறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். "நான் ஏன் அப்படி எழுதினேன் என்றால்" என்று தொடங்கிவிட்டால் சொல்பவர் அங்கேயே நிறுத்திவிடுவார். கேட்கத் தக்க கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பாரில்?" நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மூன்று நாள் அந்தத் தாளைத் தொடாமல் இருங்கள்.

நான்காம் நாள் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கேதான் உண்மையான வேலை. ஒருவர் "17ஆம் பாருக்குப் பிறகு கார்ட் அதிகம்" என்று எழுதியிருப்பார். இன்னொருவர் "18இலிருந்து இழுக்கிறது, வேகத்தைக் கூட்டு" என்று எழுதியிருப்பார். இரண்டு மருந்தும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. ஆனால் இருவரும் தடுக்கி விழுந்த இடம் ஒன்று. மருந்துகளை ஒதுக்கிவிட்டு இடத்தைப் பாருங்கள். மாணவன் ஒருவனுடைய இசையில் இப்படி நடந்தபோது இருவரும் உட்கார்ந்து தேடினோம். நான்கு பார் வரி ஒன்று அடிச்சுரத்தில் (ஸட்ஜத்தில்) இறங்கி முடிகிறது. அடுத்த நான்கு பாரும் அதேபோல இறங்கி முடிகிறது. காது முதல் முடிவிலேயே கதவைச் சாத்திவிட்டது. இரண்டாம் வரி அதனால்தான் சுமையாகத் தெரிந்தது. முதல் வரியின் கடைசிச் சுரத்தை அடிச்சுரத்துக்கு இறக்காமல் பஞ்சமத்தில் தொங்கவிட்டான். கார்ட்டும் வேகமும் பழையபடியே இருந்தன, யாரும் பிறகு அந்த இடத்தைக் குறிக்கவில்லை.

சில கருத்துகள் இசையின் உடம்பையே மாற்றச் சொல்லும். ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் 1862இல் ஐந்து தந்திக் கருவிகளுக்கு எழுதியதை வயலின் கலைஞர் யோவாகிம் ஏற்கவில்லை. பிராம்ஸ் அதை இரண்டு பியானோவுக்கு மாற்றினார். பியானோக் கலைஞர் கிளாரா ஷூமான் அதைப் பார்த்துவிட்டு, இது ஏதோ பெரிய படைப்பின் தழுவல்போல இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். கடைசியில் பியானோவும் நான்கு தந்திக் கருவிகளும் சேர்ந்த வடிவத்தில் அது நிலைத்தது. மெட்டுகளை அவர் விடவில்லை. புதிதாக எழுதும் உங்களுக்கு இவ்வளவு பெரிய மாற்றம் முதல் இசையிலேயே தேவைப்படாது, ஆனால் "இது பியானோவுக்கானதுதானா?" என்று ஒருவர் கேட்டால் கோபப்படாமல் யோசியுங்கள்.

ஏற்க மாட்டேன் என்று சொல்லவும் பழகுங்கள். அவள் புயலைச் சேர்க்கவில்லை. அவள் செய்தது சரி.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி பதிவு செய்யுங்கள். பழைய பதிவைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னதைக் கேட்டு முதல் பதிவை அவள் அழித்திருந்தால் அந்த அலை திரும்பக் கிடைத்திருக்காது.

நான்கைந்து பேர் சேர்ந்து கேட்பதென்றால்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பள்ளிக்கும் விடுமுறை, வீட்டில் ஆள் இருக்கும். நாங்கள் அப்போதுதான் கூடுகிறோம். ஓர் இசைக்கு முக்கால் மணி நேரம் போதும். எழுதியவர் மூன்று கேள்வியைச் சொல்லிவிட்டு இரண்டு முறை வாசிக்க வேண்டும். பிறகு அவர் பேசக் கூடாது. வயதில் இளையவர் முதலில் சொல்வார், மூத்தவர் கடைசியில். ஆசிரியர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். யோசனைகள் கடைசிப் பத்து நிமிடத்தில், அதுவும் எழுதியவர் கேட்டால்.

திருத்திய வடிவத்தை முன்பு கேட்ட ஒருவரிடமும் இதுவரை கேட்காத ஒருவரிடமும் கொடுங்கள். முன்பு கேட்டவர் மாற்றத்தைக் கேட்பார், புதியவர் இசையைக் கேட்பார்.

அந்த மாணவி மூன்றாம் வடிவத்தைப் போன மாதம் அனுப்பினாள். இடது கை முழுவதும் திரும்பி வந்திருந்தது. அந்த நான்கு பாரில் மட்டும் கீழ்ச்சுரங்கள் அகன்றிருந்தன. ஹெட்போனில் இரண்டு முறையும் வீட்டு ஒலிபெருக்கியில் ஒரு முறையும் கேட்டுவிட்டு எழுதினேன்: "9 முதல் 12 வரை இப்போது அலைக்கு மேலே மெட்டுத் தெளிவாகக் கேட்கிறது. 31இல் பெடல் விடாமல் இரண்டு கார்ட் கலந்து நிற்கின்றன. என் காதுக்கு அங்கே காற்று வந்ததுபோல் இருந்தது. வேண்டுமென்றே விட்டாயா?"